மூடிய ஆலையும் அதன் மண்ணும்

கல்முனைக் கரையோரத்தில் ஒரு துண்டுக் காணி விலைக்கு வருகின்றது என்றால் அச்செய்தி காற்றினும் விரைந்து பரவும். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டையிலேதான் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டி நாம் வாழ்ந்து வருகின்றோம். முஸ்லிம் ஆயினும் தமிழர் ஆயினும் பெண் மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடித்து வைப்பது இக்கரையின் வழக்கம். மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன் தன் வளவை மூன்றாகப் பிரிக்கின்றான். பேரப் பெண்கள் காலத்தில் அது பேர்ச் கணக்கில் வந்து நிற்கின்றது. இந்த நிலையில், ஓடி ஓய்ந்த ஓர் அரிசி ஆலையின் வளவோ, மூடிக் கிடக்கும் கராச் ஒன்றின் காணியோ அரை ஏக்கர் அளவில் ஒருசேரக் கிடைக்குமானால் அதனைப் பெரும் பேறு என்று எண்ணாதார் யார்?

அண்மையில் எமது ஊரிலும் அப்படி ஒரு பேச்சு எழுந்தது. நெடுங்காலம் ஓடி, பின்னர் கைவிடப்பட்ட ஓர் அரிசி ஆலையின் வளவை முன்பள்ளிக்கும் சிறுவர் விளையாட்டிடத்துக்குமாக எடுத்தால் என்ன என்று ஊர்ப் பெரியோர் கூடிப் பேசினர். உறுதி சரியா, வழக்கு ஏதும் உண்டா, வழி எத்தனை அடி, கிணற்று நீர் நல்லதா என்றெல்லாம் வினாக்கள் எழுந்தன. யாவும் வேண்டிய வினாக்களே. ஆனால் ஒரு வினாவை மட்டும் எவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் முதலில் எமக்கும் தோன்றவில்லை. இந்த மண் இத்தனை ஆண்டுகளாக எதைக் குடித்தது என்பதே அவ்வினா.

மூடிய தொழிற்சாலை நிலத்தை மக்கள் எடுக்கலாகாது என்பது எமது கருத்தன்று. எடுக்கத்தான் வேண்டும். அங்கே தெரு முன்னரே உண்டு, மின்சாரம் உண்டு, கடையும் பள்ளிவாசலும் கோயிலும் நடை தூரத்தில் உண்டு. அதனை விட்டுவிட்டு வயலுக்குள் மண் கொட்டி நிரப்பிக் கட்டுவோமாயின், சோறு தரும் நிலமும் போகும். மாரி காலத்து வெள்ளம் தங்கும் இடமும் போகும். அனுமதியின்றி வயலை நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் தடுத்தும் நடப்பதை நாம் அறிவோம். அது வேறு கதை. உலகின் பெருநகரங்கள் யாவும் இன்று இந்தப் பழைய ஆலை நிலங்களையே நாடுகின்றன. ஆங்கிலேயர் அவற்றுக்குப் 'பழுப்பு வயல்' என்னும் பொருளில் ஒரு பெயரும் வைத்திருக்கின்றனர். பச்சை வயலை அழிக்காமல் பழுப்பு வயலைப் பயன்படுத்து என்பது அவர்கள் கொள்கை. நல்ல கொள்கையே. பழுப்பு நிறம் எதனால் வந்தது என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவே.

தமிழ் பேசும் மாகாணங்களில் பெருந் தொழிற்சாலைகள் பல இருந்ததில்லை. இருந்தவற்றுள் முதன்மையானவை மூன்று. சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்பனவே அவை. மூன்றும் 1950களில் இயங்கி நாட்டுக்கு உழைத்தன. சீமெந்து ஆலையும் இரசாயன ஆலையும் போரினால் ஓய்ந்தன. வாழைச்சேனை ஆலை எமக்கு மிக அண்மையில் உள்ளது. 1956இல் தொடங்கிய அது வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்தது. எமது பிராயத்தினர் பலர் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய கொப்பியின் தாள், ஒருகால் எம் வயல்களிலேயே விளைந்த நெல்லின் தாளாக இருந்திருக்கலாம். பின்னர் அதுவும் தளர்ந்து நின்று, மீண்டும் இயங்கவைக்கும் முயற்சிகளைக் கண்டது. மேற்கே கல்லோயாத் திட்டத்தில் பிறந்த ஹிங்குரானைச் சீனி ஆலையும் 1990களில் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்து, 2012இல் மறுபடியும் கரும்பு ஆட்டத் தொடங்கியது. பழைய நிலத்தைப் பழைய தொழிலுக்கே மீட்பது ஒரு வழி. அந்த நல்வாய்ப்பு எல்லா ஆலைக்கும் கிட்டுவதில்லை.

ஆலை என்றவுடன் வானளாவிய புகைபோக்கியை நினைப்பவர்கள் எம் ஊர்ச் சிறு தொழில்களை மறந்துவிடுகின்றனர். ஒரு கராச் இருபது ஆண்டு நடந்தால், வண்டிகளிலிருந்து இறக்கிய கழிந்த ஒயில் எத்தனை பீப்பாய் ஆகும்? அதில் எஞ்சினின் உலோகத் துகள்களும் எரிந்த எண்ணெயின் நச்சுச் சேர்வைகளும் கலந்திருக்கும். பற்றரிக் கடையின் பின்புறத்தில் ஈயமும் அமிலமும் சிந்தும். பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கி துருப்பிடித்துத் துளை விழுந்தால் மேலிருந்து பார்க்கின்றவருக்கு எதுவும் தெரியாது; கணக்குப் புத்தகத்தில் சிறு குறைவு மட்டுமே தெரியும். சாயத் தொட்டிகளின் கழிநீர், மரங்களுக்குப் பூசும் காப்பு மருந்து, உடைந்து மண்ணோடு கலந்த அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு என ஒவ்வொரு தொழிலும் தன் கையொப்பத்தை மண்ணில் இட்டே செல்கின்றது. இவற்றுள் ஈயமே குழந்தைகளுக்குப் பெரும் பகை. மண்ணில் விளையாடி அக்கையையே வாயில் வைக்கும் பருவத்தில் உட்சென்று மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது அது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

களிமண் நிலமாயின் சிந்தியது சிந்திய இடத்திலேயே ஓரளவு தங்கும். எமது நிலமோ மணல். மேலே ஊற்றியது கீழே இறங்க நெடுநேரம் ஆகாது. கீழே சில அடியிலேயே நாம் குடிக்கும் நீர் இருக்கின்றது. கடலோர மணலில் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கின்றது. அந்த வில்லையிலிருந்தே எம் கிணறுகள் நீர் பெறுகின்றன. குழாய் நீர் வந்த பின்னரும் குளிக்கவும், உளூச் செய்யவும், மரங்களுக்கு ஊற்றவும் நாம் கிணற்றையே நாடுகின்றோம்.

இதனை நாம் பெருந்துயரின் வழியே கற்றவர்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது கிணறுகள் யாவும் உப்பாயின. அந்நீரை இறைத்து வெளியேற்றினால் நல்ல நீர் ஊறும் என்று நம்பி இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தோம். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில், அடியில் கிடந்த உவர்நீர் மேலேறி வந்து நிலைமையை மோசமாக்கியது. பின்னர் நீரியல் அறிஞர்கள், மிகையாக இறைக்காதீர், மழையை வரவிடுங்கள் என்றனர். அடுத்தடுத்து வந்த மாரி மழைகளே உப்பைச் சிறிது சிறிதாகக் கழுவிக் கீழே தள்ளின. அன்று இயற்கை எமக்குக் கைகொடுத்தது. ஏனெனில் வந்தது உப்பு. அது நீரில் கரையும், நீரோடு போகும். ஒயில் அப்படிப் போகாது. அது நீரின் மேல் மிதந்து, மணற் பருக்கைகளைப் பற்றிக்கொண்டு, நீர்மட்டம் ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்கி, மணல் முழுவதிலும் தன்னைப் பூசிவிடும். ஈயமோ மண்ணையே இருப்பிடமாகக் கொண்டுவிடும். எந்த மாரி மழையை நம்பி நாம் காத்திருப்பது?

எண்ணெய் கிணற்றில் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகமே சான்று. ஆறில்லாத குடாநாடு அது. நிலத்தடி நீரே அதன் உயிர். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக அந்நீர் ஓடுவதால் ஓரிடத்தில் சிந்தியது வேறிடத்தில் தலைகாட்டும். சுன்னாகம் அனல் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். வீட்டு முற்றத்துக் கிணற்றைப் பார்த்துக்கொண்டே, பவுசர் வண்டி கொண்டுவரும் நீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நிலை அவர்களுக்கு உண்டாயிற்று. 2015இல் நொர்தேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனத்தின் மின்னுற்பத்தி நீதிமன்றத் தலையீட்டால் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் தாக்கலான அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்பிரல் 4ஆம் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியைக் கொண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு நிறுவனத்துக்குக் கட்டளை பிறந்தது. ஒருவருக்கு ஆகக் கூடியது 40,000 ரூபா. தீர்ப்பின் நெறி பெரிது. அதனை மாணவர்கள் கற்க வேண்டும். ஆனால் இயந்திரத்தை ஒரே நாளில் நிறுத்திய கட்டளையால் கிணற்றை ஒரே நாளில் தெளியவைக்க முடியவில்லை என்பதையும் அவர்கள் உடன் கற்க வேண்டும்.

உறுதியில் எழுதி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக அமெரிக்க நாட்டின் கதை ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் எம்மைப் போன்றவர்களை உறங்கவிடாத கதை அது.

நியூயோர்க் மாநிலத்தில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே, லவ் என்னும் பெயருடைய ஒருவர் 1890களில் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கி இடையில் கைவிட்டார். எஞ்சிய நீண்ட பள்ளத்தை ஹூக்கர் என்னும் இரசாயனக் கம்பெனி 1940களில் தன் குப்பைக் கிடங்காக்கி, ஏறத்தாழ 20,000 தொன் கழிவைப் பீப்பாய்களில் அடைத்துப் புதைத்தது. மேலே களிமண்ணிட்டு மூடியது. 1953இல் அந்நிலத்தை அவ்வூர்க் கல்விச் சபைக்கு விற்றது. விலை எவ்வளவு தெரியுமா? ஒரேயொரு டொலர். அடியில் இரசாயனக் கழிவு உண்டு என்பதும், அதனால் வரும் தீங்குக்குக் கம்பெனி பொறுப்பன்று என்பதும் அவ்வுறுதியிலேயே எழுதப்பட்டிருந்தன. எழுதியிருந்தும் பாடசாலை எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. வீடு வாங்கியோர் கையிலே கிடைத்தது வேறு உறுதி. அவர்களுக்கு யார் சொல்வார்? ஆண்டுகள் கழிந்தன. 1970களில் பெய்த பெருமழையிலும் பனியிலும் நிலத்தடி நீர் உயர்ந்து, நிலவறைச் சுவர்களில் கருநிற நீர் கசிந்தது. பாடசாலையில் தன் மகனைச் சேர்த்திருந்த லோயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசி வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, யார் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு எழுதினார். 1978 ஆகஸ்டில் பாடசாலை மூடப்பட்டது. நாட்டின் தலைவர் கார்ட்டர் அவசர நிலை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. கைவிடப்பட்ட நச்சு நிலங்களைத் துப்புரவாக்குவதற்கெனவே 1980இல் அந்நாடு ஒரு தனிச் சட்டம் இயற்றியது.

எமது நாட்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதே 1980ஆம் ஆண்டில் பிறந்ததே. அதன்கீழ் வழங்கும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இயங்கும் தொழிலைக் கட்டுப்படுத்துவதற்கு உரியது. கதவுக்குப் பூட்டிட்டு உரிமையாளர் போன பின் உரிமம் கேட்பவர் யார், கொடுப்பவர் யார்? லவ் கால்வாயின் ஒரு டொலரை நினைக்கும்போதெல்லாம், மிக மலிவாக வரும் காணியைக் கண்டு மகிழ்வதற்கு முன் சற்றே அஞ்சுவதும் அறிவுடைமை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இனி, கெட்ட மண்ணை நன்மண்ணாக்க இயலுமா என்று பார்ப்போம். இயலும். ஆனால் எவ்வளவு நன்மண்ணாக்குவது என்பதில்தான் வழக்கு.

கொடைக்கானல் மலையிலே 1983இல் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுண் என்னும் ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பொண்ட்ஸ் கம்பெனி நிறுவியது அது. சில ஆண்டுகளில் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் வெள்ளிக்கம்பி போல ஏறி இறங்குமே, அந்தப் பாதரசமே அங்கு மூலப்பொருள். 2001 மார்ச்சில் அவ்வூர்ப் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 தொன் குவிந்து கிடப்பது வெளிப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 தொன் கழிவு, வந்த நாட்டுக்கே கப்பலேறிச் சென்றது. நோயுற்றோம் என்று வாதாடிய முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல்தான் உடன்பாடு கண்டது நிறுவனம். எஞ்சியது மண். அதைச் சுற்றிலும் சோலைக் காடு, கீழே பாம்பாறு, அதற்கும் கீழே சமவெளி.

பாதரசம் கலந்த மண்ணைச் சுத்திகரிக்கும் முறை மாணவர்கள் அறியத்தக்கது. பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய துகள்களையே பற்றி நிற்கும். ஆகவே மண்ணை நீரிலிட்டுக் கழுவி, பருமணலை ஒருபுறமும் நுண்துகளை ஒருபுறமும் பிரிப்பர். நுண்துகளை மூடிய உலையிலிட்டுச் சூடேற்றுவர். பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். அவ்வாவியைக் குளிர்வித்துப் பிடித்துக்கொள்வர். முறையில் பெரிய பிணக்கு எழவில்லை. எந்த அளவில் நிறுத்துவது என்பதிலேயே பிணக்கு. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்பது அங்கீகரிக்கப்பட்ட இலக்கு. அதனினும் குறைக்க வேண்டும், காட்டுக்கும் ஆற்றுக்கும் அருகில் இது தகாது என்று சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் வாதாடினர். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் வீழும், சரிவு மண் அரித்துப் போகும் என்று மறுதரப்பினர் கூறினர். இரு தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கின்றது. ஆனால் சென்னையில் நடந்த விவாதத்திலும் தில்லியில் நடந்த விவாதத்திலும் பேசப்பட்டது அந்த ஓர் எண்ணே. எண் என்பது கணக்குப் பாடத்துக்கு மட்டும் உரியது என்று சலித்துக்கொள்ளும் எம் மாணவர்களுக்கு, 20 என்னும் எண்ணின் இருபுறமும் ஒரு காடும் ஓர் ஆறும் நிற்பதைக் காட்ட ஆசைப்படுகின்றோம்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்குப் போபாலைச் சொன்னால் போதும். 1984 டிசெம்பரில் நச்சுவாயு ஊரைக் கொன்ற யூனியன் கார்பைட் ஆலையின் வளவில் கிடந்த கழிவுகளுள் 337 தொன்னை அங்கிருந்து பிதாம்பூருக்கு எரிப்பதற்காக அகற்றியது 2025 ஜனவரியில். இடையே நாற்பது ஆண்டு. நிலத்தடியிலும் கிணற்று நீரிலும் கலந்தவை எந்த லொறியிலும் ஏறவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் சியாற்றில் நகரில், ஏரிக்கரையிலே 1906 முதல் 1956 வரை நிலக்கரியிலிருந்தும் பின்னர் எண்ணெயிலிருந்தும் எரிவாயு வடித்த ஆலை ஒன்று இருந்தது. மண்ணெல்லாம் தார். அதனை நகரசபை வாங்கியது. ரிச்சர்ட் ஹாக் என்னும் நிலவமைப்புக் கலைஞர், இயந்திரங்களை இடித்துத் தள்ளாமல் நிறுத்திவைத்து, அவற்றைச் சுற்றிப் பூங்கா அமைத்தார். எண்ணெய் கலந்த மண்ணை அகழ்ந்து கொண்டுபோய் வேறொருவர் தலையில் கொட்டாமல், கழிவுச் சேற்றையும் மரத்தூளையும் கலந்து உழுது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களையே எண்ணெயைத் தின்னவைத்தார். வயலுக்கு எருவிட்டு உழும் நம்மவர்க்கு இதில் வியப்பில்லை. காற்றும் ஈரமும் உணவும் கிடைத்தால் நுண்ணுயிர் பெருகும், பெருகினால் எண்ணெயை உடைக்கும். இடிபாடுகளை ஓரிடத்தில் குவித்து மண் போர்த்திக் குன்றாக்கினர். 1975இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அக்குன்றில் ஏறிச் சிறுவர்கள் பட்டம் விடுகின்றனர். ஆயினும் 1984இல் மண்ணில் தாரின் நச்சுச் சேர்வைகள் இன்னும் இருப்பது தெரியவந்து, பூங்காவைச் சில காலம் மூடவேண்டியதாயிற்று. நுண்ணுயிருக்கும் எல்லையுண்டு, பாரமான தாரை அது எளிதில் தின்பதில்லை.

ஜேர்மனியின் டுயிஸ்பேர்க் நகரத்தார் செய்தது இன்னொரு வகை. 1901இல் தொடங்கி 1985இல் ஓய்ந்த இரும்பாலை ஒன்றைப் பேற்றர் லாட்ஸ் என்பவரின் திட்டப்படி 1994இல் பூங்காவாகத் திறந்தனர். மிகவும் நச்சேறிய மண்ணை ஆலையின் பழைய கொங்கிறீற்று அறைகளில் இட்டு அடைத்துவிட்டனர். எரிவாயுத் தாங்கியில் நீர் நிரப்பி மூழ்கு நீச்சல் பழகுகின்றனர். மனிதர் தொடக்கூடாத இடங்களைத் தாமே வளரும் செடிகொடிகளுக்கு விட்டுவிட்டனர். எல்லாவற்றையும் சுத்தமாக்கினோம் என்று அவர்கள் பெருமை பேசவில்லை. எங்கே எது இருக்கின்றது என்று அறிந்து, அதற்கேற்ப இடத்தைப் பயன்படுத்தினர். எமக்கு மிகவும் பிடித்த முறை இதுவே.

செடிகளைப் பற்றி ஒரு சொல். நிலத்திலுள்ள ஆசனிக்கைத் தன் இலைகளில் உறிஞ்சிச் சேர்க்கும் பன்னம் ஒன்றைப் பற்றி 2001இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அது கேட்டதும் சூரியகாந்தி நட்டால் போதும், கடுகு விதைத்தால் போதும் என்று பலர் புறப்பட்டுவிட்டனர். செடி உறிஞ்சிய நஞ்சு செடியிலேதான் இருக்கும். வெட்டி ஆட்டுக்குப் போட்டால் ஆட்டுக்குள் போகும். எரித்தால் சாம்பலிலும் புகையிலும் போகும். பல போகம் பொறுத்திருந்து, வெட்டியதைப் பத்திரமாக அகற்றக் கூடியவர்க்கே அம்முறை உதவும்.

இத்தனையும் படித்த பின் எமது ஊர் ஆலை வளவுக்கு வருவோம். நாம் கொடைக்கானலைப் போல உலை வைக்கவும் வேண்டாம், சியாற்றில் நகரத்தைப் போலக் குன்று கட்டவும் வேண்டாம். அரை ஏக்கர் நிலத்தில் முன்பு எங்கே எது நின்றது என்று தெரிந்தால், எந்த நான்கைந்து இடங்களில் மண் எடுத்துப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். பிரதேச செயலகத்திலும் நொத்தாரிசிடமும் இருக்கும் தாள்கள் யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லும். எஞ்சின் எங்கே நின்றது என்று சொல்லா. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவரே இருந்தார். இளமையில் அந்த ஆலையில் எஞ்சின் பார்த்தவர். இப்போது கண் சற்றே மங்கியவர். உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் அவரை அவருடைய இளைய மகள் வீட்டில் சென்று கண்டோம்.

"வாங்க சேர், வாங்க மக்காள்" என்று வரவேற்றுத் தேநீர் தரச் சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஒயிலா? அந்தக் காலத்தில யார் சேர் அதையெல்லாம் பார்த்த? எஞ்சின் கழுவின மண்ணெண்ணெயும் கழிஞ்ச ஒயிலும் பின்னால கிடங்கு வெட்டி ஊத்துவம். மணல்தானே, குடிச்சிரும். நிறைஞ்சா மூடிட்டு வேற கிடங்கு வெட்டுவம்."

"எத்தனை கிடங்கு இருக்கும், ஹாஜியார்?"

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, தாமே வந்து காட்டுவதாகச் சொன்னார்.

மறுநாள் அசர் தொழுகை முடிந்ததும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஆலை வளவுக்கு வந்தார். கூரை போய்விட்டது, சுவரில் பாதி நின்றது, எஞ்சினைத் தாங்கிய கொங்கிறீற்றுப் பீடம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அதைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடி வைத்து அளந்து, கைத்தடியால் மூன்று இடங்களைக் குத்திக் காட்டினார். மூன்றாவது இடம் கிணற்றுக்குப் பத்தடியும் இல்லை. மாணவர் ஒருவர் அளவுநாடா பிடிக்க மற்றவர் வரைபடத்தில் புள்ளி இட்டார். முதல் இடத்தில் இரண்டடி தோண்டியதும் மணல் கறுத்து வந்தது. மண்ணெண்ணெய் மணம் அத்தனை ஆண்டுக்குப் பின்னும் மூக்கில் ஏறியது. எவரும் எதுவும் பேசவில்லை. முன்பள்ளிக் கட்டடத்துக்கு நூல் கட்டுவதாகப் பேசியிருந்த மூலை அதுவே.

நூலை மறுபுறம் மாற்றலாம் என்று ஊர்ப் பெரியோர் இப்போது சொல்கின்றனர். அது எளிது. கிணற்றை எப்படி மாற்றுவது? மூன்று இடத்து மண்ணையும் கிணற்று நீரையும் தூய கண்ணாடிப் போத்தல்களில் எடுத்து, திகதியும் ஆழமும் எழுதி ஒட்டி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கின்றோம். பிளாத்திக்குப் போத்தலில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு பிழைக்கும் என்பதை இரசாயனம் படிக்கும் மாணவி ஒருத்தியே நினைவூட்டினாள். ஆய்வுக்குரிய பணத்தை இம்முறை நாமும் சில பெற்றோரும் சேர்ந்து கொடுத்தோம். நியாயப்படி அது காணியை விற்பவர் கணக்கில் சேர வேண்டியது. விலை பேசும்போது அதையும் பேசவிருக்கின்றோம்.

முடிவு இன்னும் வரவில்லை. மாலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அவ்வளவில் பந்து அடிக்கின்றனர். அவர்களைத் துரத்த மனம் வரவில்லை. கறுத்த மண் கண்ட மூலையைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்கின்றோம். கிணற்றின் கப்பியைக் கழற்றி ஹாஜியார் வீட்டில் கொடுத்து வைத்திருக்கின்றோம்.